பழைய எஞ்சினுக்கு எந்தப் புரொப்பெல்லர்?

(பொன்விழாவை முன்னிட்டு நம் பங்கு மீனவர் சங்கக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்தப் பொன்விழா ஆண்டில் நடந்த கூட்டங்களில் சேமிப்பைப் பற்றிப் பேசினோம்; குடியைப் பற்றிப் பேசினோம்; பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். இன்று புரொப்பெல்லரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தபோது கோவில் முற்றத்தில் சிலர் சிரித்ததை நாம் கவனிக்காமல் இல்லை. சாமியாருக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயமே. குருமடத்தில் நமக்கு அரிஸ்டாட்டிலையும் புனித தோமாவையும் கற்பித்தார்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை யாரும் கற்பிக்கவில்லை. எனினும், ஒரு பொருளை அறிய வேண்டுமானால் அது எதற்காக இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும் என அந்தப் பெரியவர்கள் சொன்னது கடற்கரைக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் பழுதாகிக் கடனுக்கு அலைகிறவர்கள் பங்கு இல்லத்தின் கதவையும் தட்டுகிறார்கள். என்ன நடந்தது என்று விசாரித்தால் கதை பலவேளை ஒரே மாதிரி இருக்கிறது. "புரொப்பெல்லர் உடைஞ்சுது சாமி, புதுசு வாங்கி மாட்டினோம், நாலு மாசத்துல பிஸ்டன் போச்சு." பிஸ்டன் போனதை விதி என்கிறார்கள், எண்ணெயின் குற்றம் என்கிறார்கள், கண்ணேறு என்றுகூடச் சொல்கிறார்கள். இடையிலே மாட்டிய அந்தப் புதிய புரொப்பெல்லரை யாரும் சந்தேகிப்பதில்லை. பளபளப்பாக இருக்கும் பொருளைச் சந்தேகிக்க மனம் வருவதில்லை போலும்.

வழக்கமாக நாம் புரொப்பெல்லர் வாங்கும் விதத்தைப் பாருங்கள். உடைந்ததை ஒரு சாக்கில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்கிறோம். "இதே மாதிரி ஒண்ணு கொடுங்க" என்கிறோம். கடைக்காரர் திருப்பிப் பார்த்து, அதே எண் உள்ளதை எடுத்து வைக்கிறார். அவர்மேல் குறை சொல்ல முடியாது, கேட்டதைக் கொடுத்தார். ஆனால் அந்த எண் உங்கள் வள்ளத்திற்கு எப்போதாவது பொருத்தமாக இருந்ததா? பொருத்தமாக இருந்திருந்தாலும் இன்று பொருந்துமா? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் கடைக்காரர் அல்லர், நாம்.

நம் கடற்கரையில் ஒரு பழைய எஞ்சினின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். முதலில் கட்டுமரத்தில் மாட்டியது. 1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டத் தொடங்கிய பிறகு, பலர் மரத்தை விட்டு வள்ளத்துக்கு மாறினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பைபர் வள்ளங்கள் ஏராளமாக வந்தன. வள்ளம் மாறியது, வலை பெருத்தது, ஐஸ் பெட்டி ஏறியது, ஆளும் ஒருவர் கூடினார். எஞ்சின் மட்டும் கைமாறிக் கைமாறி, தந்தையிடமிருந்து மகனுக்கும், அண்ணனிடமிருந்து மைத்துனனுக்கும் வந்து சேர்ந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு அதே எண் உள்ள புரொப்பெல்லரும் வந்தது. பத்து வயதில் தைத்த சட்டையின் அளவைக் கொண்டு கல்யாணச் சட்டை தைப்பது போலத்தான் இது.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். புரொப்பெல்லரின் குடத்திலோ இதழின் அடியிலோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 9¼ × 9¾ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் விட்டம்: இதழ்களின் நுனி சுற்றிவரும் வட்டத்தின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். மரப்பலகையில் திருகாணியை முடுக்கும்போது ஒரு சுற்றுக்கு அது ஓர் அளவு உள்ளே இறங்குகிறதல்லவா? அதுபோல, தண்ணீர் மரத்தைப் போல் உறுதியாக நின்று கொடுத்தால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறுமோ அதுவே பிட்ச். சில கம்பெனிகளில் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்தும் இருக்கும். யமஹாவில் 'ஜே', 'ஜி' என்று காண்கிறோமே, அதுதான். எந்த வரிசை எஞ்சினின் தண்டில் அது ஏறும் என்பதற்கான அடையாளம் அந்த எழுத்து. எண் சரியாக இருந்து எழுத்து மாறினால் புரொப்பெல்லர் தண்டில் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் தண்டின் பற்கள் போய்விடும்.

தண்ணீர் மரமல்ல, அது வழுகும். ஆகவே பிட்ச் சொல்லும் தூரம் முழுவதும் வள்ளத்துக்குக் கிடைக்காது. இந்த நழுவலை வீண் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தானே வள்ளம் முன்னால் போகும்? அளவோடு இருக்கும்வரை அது வேலையின் கூலி.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மனத்தில் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்திற்கு 5000 சுற்றுச் சுற்றுகிறது. கியர் அதைப் பாதியாகக் குறைக்கிறது என்று வைப்போம். புரொப்பெல்லருக்கு 2500 சுற்று. பிட்ச் 8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 508 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இப்போது சொல்லுங்கள், வலையும் ஐஸும் மீனுமாக நிறைந்து வரும் உங்கள் வள்ளம் மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறதா? அதில் பாதி ஓடினாலே "நல்லா ஓடுது" என்கிறோம். அப்படியானால் அந்த எஞ்சின் என்ன செய்கிறது? ஓடமுடியாத வேகத்துக்கு உரிய புரொப்பெல்லரைச் சுமந்துகொண்டு, 5000 சுற்றை எட்டவும் முடியாமல், நாலாயிரத்திலோ அதற்கும் கீழோ முக்கிக்கொண்டு கிடக்கிறது. வேகமாக ஓடும் இலேசான படகுக்கு நீண்ட பிட்ச். பாரம் சுமக்கும் வள்ளத்திற்குக் குறைந்த பிட்ச், பரந்த இதழ். மேட்டில் மாட்டுவண்டி ஏறும்போது மாடு எட்டு வைப்பதையும், சமதரையில் குதிரை எட்டு வைப்பதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி முக்கிக்கொண்டு ஓடுவதுதான் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொல்கிறது. கைப்பிடி முழுவதும் திறந்திருக்கிறது. எரிபொருள் முழுவதும் உள்ளே போகிறது. சுற்று மட்டும் ஏறவில்லை. உள்ளே சூடு கூடுகிறது, கரி படிகிறது, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்கின்றன, பிஸ்டன் உராய்ந்து கோடு விழுகிறது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் இன்னும் மோசம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். மண்ணெண்ணெய், எஞ்சின் பாரத்தால் திணறும்போது நேரத்துக்கு முன்பே தட்டி வெடிக்கும் குணமுடையது. அதற்காகவே அந்த எஞ்சின்களை உள்ளழுத்தம் குறைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு குறைத்துச் செய்தாலும், நாள்முழுதும் அளவுக்கு மீறிய புரொப்பெல்லரை இழுக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

"சாமி, பழைய புரொப்பெல்லரும் இதே எண்தானே, அது பல வருஷம் ஓடியதே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, நாம் இன்று பேச வந்ததே இதற்காகத்தான். பழையதைத் தூக்கி எறியாமல் புதியதன் மேல் வைத்துப் பாருங்கள். நம்முடையது மணற்கரை. துறைமுகத்தில் கட்டும் வள்ளமல்ல. அலை மடியும் இடத்தைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். ஒவ்வொரு நாளும் கலங்கிய மணல்தண்ணீரில் சுற்றிச் சுற்றி அலுமினிய இதழின் நுனி அரம் போட்டது போலத் தேய்கிறது. விளிம்பு மழுங்குகிறது. அங்கங்கே கல்லில் பட்டுச் சிதைந்த இடத்தை நாமே அரத்தால் ராவிச் சரிசெய்கிறோம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டம் குறைந்திருக்கிறது. எண் மட்டும் அப்படியே இருக்கிறது!

விட்டத்தில் ஓர் அங்குலம் என்பது சின்ன விஷயமல்ல. விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டுவது பிட்சை இரண்டு மூன்று அங்குலம் கூட்டுவதற்குச் சமமான பாரத்தை எஞ்சின்மேல் ஏற்றும் என்பது கைதேர்ந்தவர்கள் சொல்லும் கணக்கு. ஆகவே அந்தத் தேய்மானம், நாம் அறியாமலே, எஞ்சினின் பாரத்தைக் குறைத்து வந்திருக்கிறது. எஞ்சினுக்கும் வயதாகிக்கொண்டே வந்தது. புரொப்பெல்லரும் தேய்ந்துகொண்டே வந்தது. இரண்டும் வயதான தம்பதியரைப் போல ஒருவரையொருவர் அனுசரித்து ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் புரொப்பெல்லர் உடைந்தது. முழு விட்டமும் கூர்மையான விளிம்பும் கொண்ட புதியதை மாட்டினோம். இருபது வயது எஞ்சினுக்கு ஒரே இரவில் இளமைக் காலத்துச் சுமை. அதனால்தான் "புதுசு போட்டதும் எஞ்சின் இழுக்கலே" என்கிறோம். சிலர் அதற்கும் மேலே போய், வேகம் வரவில்லை என்று இன்னும் ஓர் அங்குலம் பிட்ச் கூடியதை வாங்கி மாட்டுகிறார்கள். பக்கத்து வள்ளத்தில் அது ஓடுகிறதாம். பக்கத்து வள்ளத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எவ்வளவு வலை, எஞ்சின் எந்த வருஷத்தது என்று கேட்டோமா?

புரொப்பெல்லர் சிறுத்தால் வேகம் கூடும் என்பது நம்ப முடியாததாகத் தோன்றலாம். ஆனால் புரொப்பெல்லரின் சரித்திரமே அப்படித்தான் தொடங்குகிறது. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் இங்கிலாந்தில் ஒரு விவசாயி. குளத்தில் பொம்மைப் படகு விட்டுப் பார்த்து, 1836-இல் திருகு வடிவப் புரொப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய முதல் படகில் மரத்தால் செய்த நீண்ட திருகு, இரண்டு முழுச் சுற்றுக் கொண்டது. 1837-இல் லண்டன் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது அந்தத் திருகு எதிலோ மோதிப் பாதி உடைந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள், அது முன்னைவிட விரைந்து ஓடியதைக் கண்டார்கள்! அவர் சலித்துக்கொள்ளவில்லை, உடைந்தது சொன்ன பாடத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்ததை ஒரே சுற்றில் செய்தார். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் தம் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909-இல். கப்பலுக்கான அந்தச் சாதனம் நம் கைக்கு எட்டும் அளவுக்குச் சிறுத்து வர அவ்வளவு காலம் ஆயிற்று.

அப்படியானால் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? எஞ்சினின் சுற்றைக் கொண்டு. வேறு வழி இல்லை. ஒவ்வொரு எஞ்சினுக்கும், கைப்பிடி முழுவதும் திறந்த நிலையில் நிமிடத்துக்கு இத்தனை சுற்றிலிருந்து இத்தனை சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று அதன் புத்தகத்தில் போட்டிருக்கும். பல பழைய டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு 4500 முதல் 5500 வரை. சிலவற்றுக்கு 5000 முதல் 6000 வரை. உங்கள் எஞ்சினின் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே வேதவாக்கு. புத்தகம் வீட்டுப் பரணில் கிடக்கும். கரையான் தின்பதற்கு முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றை எப்படி அறிவது? காதால் அறிவோம் என்பார்கள் நம் பெரியவர்கள். அவர்கள் காதை நாம் மதிக்கிறோம். காற்றின் வாசனையிலேயே நாளைய கடலைச் சொல்லுகிறவர்கள் அவர்கள். ஆயினும் 4200-க்கும் 4700-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காது சொல்லாது, ஏனென்றால் தினமும் கேட்கிற சத்தம்தான் சரியான சத்தம் என்று காது பழகிவிடுகிறது. டாக்கோமீட்டர் என்னும் சுற்று எண்ணும் கருவி இப்போது கைக்கடிகாரம் அளவில் கிடைக்கிறது. அதன் கம்பியை ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் வயரின் மேல் நாலைந்து சுற்றுச் சுற்றினால் போதும், எண் தெரியும். ஒரு சுற்றுக்கு எத்தனை முறை பொறி அடிக்கிறது என்பதற்கேற்ப அதை அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மடங்கோ பாதியோ காட்டி ஏமாற்றும்.

சோதனையைப் பாரத்தோடு செய்ய வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம். வெறும் வள்ளத்தில் இரண்டு இளைஞர்கள் ஏறிக்கொண்டு வளைய வந்தால், எந்தப் புரொப்பெல்லரும் நல்ல புரொப்பெல்லராகத்தான் தெரியும். வழக்கமாக ஏறும் ஆட்கள், வழக்கமான வலை, எரிபொருள், ஐஸ், மீனுக்குப் பதிலாக மணல் மூட்டைகள். அமைதியான கடலில், நீரோட்டத்தோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை, கைப்பிடியை முழுவதும் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் சொல்லும் எல்லையின் கீழ்ப்படியைக்கூட எட்டவில்லையா, பிட்சைக் குறைக்க வேண்டும். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்று ஏறும். எல்லைக்கு மேலே ஓடுகிறதா, பிட்சைக் கூட்ட வேண்டும். எல்லை தாண்டிச் சுற்றுவதும் எஞ்சினுக்கு ஆகாது; பேரிங்கும் கனெக்டிங் ராடும் அதற்குப் பலியாகும்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும் என்பது தெரியும். பாரத்துக்கென்று பிட்ச் குறைத்தால் போகும்போது வேகம் குறையுமே. மற்றவர்கள் முந்திப் போய் நல்ல இடத்தில் வலை போட்டுவிடுவார்களே. உண்மைதான், போகும்போது கொஞ்சம் குறையும். வள்ளம் இலேசாக இருக்கையில் சுற்று எல்லை மீறாமல் கைப்பிடியைச் சற்று அடக்கித்தான் ஓட்ட வேண்டும். ஆனால் ஏலத்தில் விலை யாருக்கு? முதலில் கரை சேர்ந்தவருக்கு. திரும்பி வரும்போதுதானே வள்ளம் நிறைந்திருக்கிறது? அலை மடியும் இடத்தில் பின்னால் ஒரு பெரிய அலை எழும்பி வரும்போது, எஞ்சினிடம் உடனடியாக இழுப்பு வேண்டும். பாரத்தோடு திணறுகிற எஞ்சின் அந்த நேரத்தில் கைவிட்டால் வள்ளம் குறுக்கே திரும்பும். அதன்பின் நடப்பதை இந்தக் கடற்கரையில் யாருக்கும் நாம் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது இழக்கும் வேகத்தையும் வரும்போது கிடைக்கும் பலத்தையும் நிறுத்துப் பார்த்தால், நம் கட்சி பாரத்தின் கட்சிதான்.

புரொப்பெல்லரைக் குற்றம் சொல்லுமுன் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று எஞ்சினின் உடல்நிலை. மெக்கானிக்கிடம் சொல்லி இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று நூற்றுக்குப் பத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் முதலில் வைத்தியம் அங்கே. கார்புரேட்டர் அடைப்பையும் பழைய பிளக்கையும் வைத்துக்கொண்டு பிட்சைக் குறைத்து ஓட்டுவது, காய்ச்சலுக்குத் தைலம் தேய்ப்பது போன்றது. மற்றொன்று எஞ்சினின் உயரம். புரொப்பெல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்கிறதே, அது வள்ளத்தின் அடிப்பலகை மட்டத்திலோ ஓர் அங்குலம் கீழோ இருக்க வேண்டும். அதற்கு மேலே ஏறிவிட்டால் அலையில் காற்றை உறிஞ்சி, எஞ்சின் 'வீர்' என்று கத்தும், வள்ளம் நகராது. மிகவும் கீழே போனால் தண்ணீரை வீணாக இழுத்துச் செல்லும். குட்டைத் தண்டு எஞ்சின் 15 அங்குலப் பின்பலகைக்கும், நெட்டைத் தண்டு 20 அங்குலப் பின்பலகைக்கும் ஏற்றது. வள்ளம் மாறியபோது பின்பலகையின் உயரத்தை அளந்தவர் எத்தனை பேர்?

எஞ்சின் கத்துகிறது, வள்ளம் நகரவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல புரொப்பெல்லர்களில் குடத்துக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. இதழ் கல்லில் மோதினால் அந்த அதிர்ச்சி கியரைத் தாக்காமல் ரப்பர் சறுக்கிக் கொடுக்கும். பழையதாகிவிட்டால் மோதாமலே சறுக்கத் தொடங்கும், அதுவும் பாரம் கூடிய வேளையில். சந்தேகம் இருந்தால் உள்வளையத்திலிருந்து வெளிக்குடம் வரை பெயிண்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். ஒருநாள் தொழிலுக்குப் போய்வந்து பாருங்கள். கோடு முறிந்து விலகியிருந்தால் ரப்பர் போயிற்று. இதழ்கள் புத்தம் புதிதாக இருந்தாலும் அந்தப் புரொப்பெல்லரை நம்பி ஆழ்கடலுக்குப் போகக் கூடாது.

இன்னும் பழைய சின்ன எஞ்சின்களில் ரப்பருக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு பின் இருக்கும். மோதினால் ஒடிவதற்கென்றே மெதுவான உலோகத்தில் செய்தது அது. அது ஒடிந்தபோது கைக்குக் கிடைத்த ஆணியை வெட்டிச் சொருகுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆணி ஒடியாது; அடுத்த மோதலில் தண்டோ கியரோ ஒடியும். இரண்டு மூன்று பின்களை எஞ்சின் மூடிக்குள் ஒட்டி வைத்துக்கொள்ள என்ன செலவு?

உலோகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்டெயின்லஸ் ஸ்டீல் புரொப்பெல்லர் தேயாது, இதழ் மெல்லிசு, வேகமும் சற்றுக் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். விலை அதிகம்; மோதினால் இதழ் வளையாமல் அதிர்ச்சியை உள்ளே அனுப்பும்; உப்புத் தண்ணீரில் எஞ்சினின் அலுமினியக் காலை அரிக்கச் செய்யும். நம் மணற்கரைக்கும் பழைய கியருக்கும் அலுமினியமே போதும். எதுவானாலும் எஞ்சின் காலில் இருக்கும் துத்தநாகக் கட்டிக்குப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்; மற்ற பாகங்களுக்குப் பதிலாக அரிபட்டுத் தீர்வதற்கே அதை வைத்திருக்கிறார்கள். மூன்று இதழா நான்கு இதழா என்ற வாதமும் நடக்கிறது. நான்கு இதழ் பாரத்தில் பிடிப்பாக இழுக்கும், அதிர்வும் குறைவு. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம்.

கடையில் மூன்றைக் கவனியுங்கள். தண்டில் உள்ள பற்களின் எண்ணிக்கை சரியா. எஞ்சின் புகை குடத்தின் நடுவே வெளியேறும் வகையா, வேறு வழியாக வெளியேறும் வகையா. பின்னாலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் சுற்றுவது. விலை குறைந்த போலிகளும் வருகின்றன. அவற்றைச் சோதிக்க எளிய வழி உண்டு. சமமான மேசையில் படுக்க வைத்து, ஓர் இதழின் நுனிக்கு நேரே ஒரு குச்சியை நிறுத்தி அடையாளம் போடுங்கள். புரொப்பெல்லரை மெல்லத் திருப்பினால் மூன்று நுனிகளும் அதே அடையாளத்தைத் தொட்டுப் போக வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் வாங்காதீர்கள். அந்த அதிர்வு எண்ணெய் சீலைத் தின்றுவிடும்; கடல்நீர் உள்ளே போய்க் கியர் எண்ணெய் பாலாகத் திரியும்.

மாட்டும்போது முதல் வேலை ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றுவது. கியரில் கிடக்கும் புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் உயிர்பெறக் கூடும். விரல் போனபின் வருந்திப் பயனில்லை. இதழுக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை வைத்து நட்டைக் கழற்றுங்கள். பழையதை எடுத்ததும் தண்டின் அடியில் பாருங்கள்: நைலான் நரம்பு சுற்றிக் கிடக்கும். நம் கடலில் அது இல்லாத எஞ்சினைக் காண்பது அரிது. அதை முழுவதும் அறுத்து எடுக்காவிட்டால் சீலைக் கத்திபோல் வெட்டும். தண்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் பூசி, வாஷரை இருந்த பக்கமே போட்டு, புது காட்டர் பின் மாட்டுங்கள். துருப்பிடித்த பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடும் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்குமாக ஒரு வார்த்தை. வள்ளம் தள்ளி இறக்கும்போது எஞ்சின் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. தள்ளுகிறவர்கள் எல்லாரும் விலகிய பிறகே கியர் போட வேண்டும். எத்தனை நல்ல புரொப்பெல்லர் என்றாலும் அது சுற்றும் கத்திதான்.

தேய்ந்த பழையது முற்றிலும் சிதையாமல் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். நுனியைச் சமமாக ராவி, கிரீஸ் தடவி, ஒரு நட்டும் இரண்டு காட்டர் பின்னும் ஒரு ஸ்பானரும் சேர்த்துச் சாக்கில் கட்டி வள்ளத்திலேயே வைத்திருங்கள். கரை சேர அது போதும்.

நம் சங்கம் ஒரு டாக்கோமீட்டரும் கம்ப்ரஷன் அளக்கும் கருவியும் வாங்கிப் பங்கு அலுவலகத்தில் வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போவதில்லை அல்லவா? பிற்பகல் கடல் அமைதியாக இருந்தால் வாரம் இரண்டு வள்ளம் வீதம் சோதித்துப் பார்க்கலாம். எஞ்சின் புத்தகம், வழக்கமான ஆட்கள், வலை எல்லாவற்றோடும் வாருங்கள். மணல் மூட்டைகளை இளைஞர் இயக்கத்தார் கட்டி வைப்பார்கள். பரணில் பழைய புரொப்பெல்லர் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். எண் அழிந்திருந்தாலும் பரவாயில்லை. குடத்தின் மையத்திலிருந்து நுனிவரை அளந்து இரட்டித்தால் இன்றைய விட்டம் தெரிந்துவிடும். வள்ளத்தின் பெயர், எஞ்சின், விட்டம், பிட்ச், பாரத்தோடு ஓடிய சுற்று, இவற்றை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் அலுவலகத்தில் திறந்து வைத்திருக்கிறோம். முதல் ஏடு இன்னும் காலியாகவே இருக்கிறது.